தரங்கம்பாடியைக் கடலிலிருந்து தொடங்கி நடப்பது எப்படி?

பேருந்து மேற்கே பிரதான சாலையில் இறக்கிவிடும். எதிரே நகர வாசல் தெரியும். பலர் அங்கேயே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த ஊரின் வரலாறு கடலோரம் தொடங்கி நிலத்தை நோக்கி வளர்ந்தது. வாசலில் தொடங்கினால் 1792ஆம் ஆண்டு வாசல் முதலில் வரும், 1306ஆம் ஆண்டுக் கோயில் கடைசியில் வரும். எதுவும் மனத்தில் தங்காது.

1. காலை 6.30க்குள் வாருங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, நோட்டு, பேனா போதும். வாசலில் நிற்காமல் கிங் ஸ்ட்ரீட் வழியே நேராகக் கடலுக்குப் போங்கள். சுமார் அரை கிலோமீட்டர்தான்.

2. முதலில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம், 1306. அக்காலக் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்கிறது. கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. புதுப்பித்த பகுதியையும் பழங்கல்லையும் பிரித்துப் பாருங்கள். கல்வெட்டில் சுண்ணக்கட்டி, மாவு தேய்க்கவே கூடாது, எழுத்து சிதையும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலே போதும்: பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும்.

3. தெற்கே டேனிஷ் கோட்டை. விடிந்ததும் திறக்காது, அதனால்தான் கோயில் முதலில். தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620இல் ஒப்பந்தம் செய்து டென்மார்க் கடற்படைத் தளபதி ஓவே ஜேடி கட்டியது. அவசரப்படாதீர்கள், இங்கே ஒரு மணி நேரம் வேண்டும். கீழ்த்தளம் கிடங்கு, சிறை. மேல்தளம் ஆளுநர் குடியிருப்பு. எது எதற்கு மேலே இருக்கிறது என்று கவனித்தாலே இது வியாபாரக் கோட்டை என்பது விளங்கும்.

4. மீண்டும் கிங் ஸ்ட்ரீட். சீயோன் ஆலயம் 1701, புது எருசலேம் ஆலயம் 1718. 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1719இல் இறந்து பின்னதில் அடக்கமானார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு இவ்வூரில் 1715இல் அச்சாகி முடிந்தது. ஆலயம் பூட்டியிருந்தால் கதவைத் தட்டாமல் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். தூண் வைத்த வீட்டையெல்லாம் டேனிஷ் வீடு என்று குறித்துக்கொள்ள வேண்டாம். 1845இல் டென்மார்க்காரர்கள் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்று ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது, அதன் பிறகும் கட்டியிருக்கிறார்கள்.

5. கடைசியில் நகர வாசல். டென்மார்க் அரச முத்திரையும் 1792 என்ற ஆண்டும் தேடுங்கள். வெளிமுகம் மேற்குப் பார்த்தது, காலையில் இருண்டு கிடக்கும். படம் வேண்டுமென்றால் மாலை நான்கு மணிக்கு மேல் திரும்பி வாருங்கள்.