வெடித்துப்போன டாஷ் பேடைச் சரிசெய்வது எப்படி?

1960, 70களில் வந்த பல கார்களில் முன்கண்ணாடிக்குக் கீழே நீளும் மெத்தென்ற பகுதிதான் டாஷ் பேட். பார்வைக்கு ஒரே பொருளாகத் தெரிந்தாலும் அது பெரும்பாலும் மூன்று அடுக்கு: அடியில் இரும்புத் தகடு அல்லது பிளாஸ்டிக், நடுவில் பாலியூரித்தேன் ஃபோம், மேலே வினைல் தோல். வினைலை வளையவைப்பது அதில் கலந்திருக்கும் மென்மையூட்டி. வெயிலில் காயக் காய அது வெளியேறிவிடுகிறது. முன்கண்ணாடியின் உட்புறம் படியும் எண்ணெய்ப் படலத்தில் அதற்கும் பங்குண்டு. மென்மையூட்டி போனதும் தோல் சுருங்குகிறது, அடியிலிருக்கும் தகடு சுருங்குவதில்லை. முரசில் இழுத்துக் கட்டிய தோல்போல விறைத்து நின்று, ஒருநாள் பிளக்கிறது.

அதனால்தான் பிளவின் ஓரங்கள் உதடுபோல் மேலெழும்பி நிற்கின்றன. குழியை நிரப்புவது எளிது. அந்த ஓரங்களை அடக்குவதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

தொடங்கும் முன் பேடை அழுத்திப் பாருங்கள். ஓரிரண்டு பிளவுகள் மட்டும் என்றால் கீழ்க்காணும் முறை போதும். தொட்ட இடமெல்லாம் நொறுங்கினால் நிரப்பிப் பயனில்லை. அந்த மாடலுக்கென வார்த்த பிளாஸ்டிக் மூடியை ஒட்டலாம், அல்லது புதுத் தோல் போர்த்தத் தரலாம். ஏர்பேக் உள்ள பிற்காலத்து டாஷ்போர்டில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் பேடை வெளியே எடுங்கள். நட்டுகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கைக்கு எட்டாத மூலையில்தான் இருக்கும். வராத பேடை நெம்பாதீர்கள், புதிய பிளவு விழும்.

அடுத்து, சோப்பு நீரால் கழுவிக் காயவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பல ஆண்டுகளாகப் பூசிய சிலிக்கோன் பாலிஷ் துளி மிஞ்சினாலும் மேலே அடிக்கும் நிறம் ஒட்டாது.

பிளவின் இரு முனைகளிலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் துளை இடுங்கள். கூர்முனை வட்டமானால் பிளவு மேலும் ஓடாது. பிறகு கட்டர் கத்தியால் எழும்பிய ஓரங்களைச் சாய்வாகச் சீவி, மேற்பரப்பைவிடத் தாழ்வான ஒரு பள்ளமாக்குங்கள். நல்ல தோலையும் வெட்டுகிறோமே என்று கை தயங்கும். தயங்கி விட்ட மேடு, நிறம் அடித்த பிறகு முதலில் கண்ணில் படும். பொடியாகிப்போன ஃபோமையும் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

ஆழமான குழியில் விரிவடையும் பாலியூரித்தேன் ஃபோமைச் சிறிதளவே செலுத்துங்கள். அது பொங்கி மேலே வரும். நன்றாக இறுகிய பின் மேற்பரப்புக்கு 3 மில்லிமீட்டர் கீழ்வரை வெட்டிவிடுங்கள். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். ஃபோம் கைத்தோலில் ஒட்டினால் எளிதில் போகாது.

மேலடுக்குக்குப் பிளாஸ்டிக் பம்பரைச் சரிசெய்யப் பயன்படும் வளையக்கூடிய ஃபில்லர் (நிரப்பும் பசை) தான் வேண்டும். இரும்பு உடற்பகுதிக்கான சாதாரணப் பட்டியை (putty) வைத்தால் வெயிலில் வினைல் விரிந்து சுருங்கும்போது அது கூடவே அசையாது, விளிம்பில் பிரிந்துவிடும். மெல்லிய அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றும் இறுகிய பின் அடுத்ததை வையுங்கள்.

உப்புத்தாளை 80, 180, 320 என்ற எண் வரிசையில், ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். முகமூடி அணிந்துகொள்ளுங்கள். சரியாக வந்ததா என்பதைக் கண்ணை மூடி விரலால் தடவியே அறியலாம். கண்ணைவிட விரல் இதில் நம்பகமானது.

வினைலின் பொரிப்பொரியான மேற்பரப்பு போன இடத்தில் டெக்ஸ்சர் ஸ்பிரேயைத் தூரத்திலிருந்து தூவலாக அடியுங்கள். பழைய அட்டையில் முதலில் அடித்துப் பார்ப்பது நல்லது. பின்பு பிளாஸ்டிக்கிற்கான பிரைமர், அதன்மேல் வினைல் நிறம், பேட் முழுவதற்கும். ஒட்டுப்போட்ட இடத்துக்கு மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும். பளபளப்பான நிறம் முன்கண்ணாடியில் எதிரொளித்து ஓட்டுநரின் கண்ணைக் கூசவைக்கும், ஆகவே மங்கலானதையே வாங்குங்கள்.

திரும்பப் பொருத்தும்போது திருகுகளும் துளைகளும் நேராக அமையாமல் போகலாம். இத்தனை ஆண்டுகளில் பேட் சற்றுக் கோணியிருக்கும். இழுத்துப் பிடித்து முடுக்காமல் வட்ட அரத்தால் துளையை நீளவாக்கில் ராவிக்கொண்டு, நட்டுகளைக் கையால் முடுக்கிய பின் சிறிதளவே இறுக்குங்கள்.