கச்சான் காற்றும் கடற்கரைக் கூடாரமும்: நிலாவெளிக்குப் போகிறவர்கள் விடும் தவறுகள்

கடற்கரையில் காற்று கடலிலிருந்துதான் அடிக்கும் என்று நினைத்துக் கூடாரம் போடுவதுதான் முதல் தவறு. நிலாவெளி இருக்கும் திருகோணமலைக்கு ஆட்கள் முகாமிட வருவது மே முதல் செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் பகலில் கடற்காற்று வந்து போனாலும், பலத்த காற்று பெரும்பாலும் தரைப் பக்கத்தால்தான் வரும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் கச்சான் என்னும் காய்ந்த காற்றாக இறங்குகிறது. வாசலைத் தரைப் பக்கம் வைத்தால் காற்று நேரே உள்ளே புகுந்து துணியை ஊதிவிடும். கூடாரத்தின் தாழ்ந்த, ஒடுங்கிய பக்கம் காற்றைப் பார்க்கட்டும். வாசல் கடலைப் பார்க்கட்டும். சந்தேகமென்றால் பக்கத்து மீனவர் வாடியில் "அண்ணை, இரவைக்கு எந்தப் பக்கத்தால காத்து?" என்று கேளுங்கள். கரைவலைக்காரருக்குத் தெரியாத காற்றில்லை. வலை இழுக்கும் இடத்தில் கூடாரம் போடாமலிருக்கவும் அந்தப் பேச்சு உதவும்.

அடுத்தது கூடாரக் கயிற்றைக் கட்டும் முளை. கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பிகள் புல்தரைக்குத்தான் சரி. ஈர மணலில் அடிக்கும்போது இறுகியது போலிருக்கும்; மணல் காய்ந்தால் ஒரே உதறலில் கையோடு வரும். வெறும் உரப்பையில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, நடுவில் கயிற்றைச் சுற்றி, முழங்கை ஆழத்துக்குக் குறையாத குழியில் கிடையாகப் புதைத்து நன்றாக மிதியுங்கள். சாக்கு இல்லாவிட்டால் முழ நீளத் தடியொன்றைக் கயிற்றுக்குக் குறுக்காகப் புதைக்கலாம். கயிறு சரிவாக மேலேற மணலில் ஒரு சிறு வாய்க்கால் கீறிவிட வேண்டும். நேர் மேலே இழுபட்டால் சாக்கும் கிளம்பிவிடும்.

வான் வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் துணிக்கூரையை விரித்தபடியே விட்டுக் குளிக்கப் போவார்கள். காற்றின் வேகம் மணிக்கு 20 கிலோமீற்றரிலிருந்து 40 ஆனால் துணியில் விழும் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. ஆகவே ஆள் இல்லாதபோதும் இரவிலும் சுருட்டிவிடுங்கள். கனடாவில் அறையே வெளியே நீளும் முகாம் வண்டிகளில் போகும் நம் சொந்தக்காரருக்கும் இதே கதைதான். நீட்டிய அறைக்கு மேலுள்ள துணிதான் முதலில் படபடக்கும். காற்று உச்சத்தில் இருக்கையில் அறையை உள்ளே இழுத்தால் அந்தத் துணி உப்பி, சிக்கிக் கிழியும். காற்று ஏறுமுன் இழுக்க வேண்டும், தவறினால் சற்று ஓயும்வரை காத்திருக்க வேண்டும்.

தென்னைக்குக் கீழே கூடாரமும் வேண்டாம், வாகனமும் வேண்டாம். அடுப்பு காற்றில் அணைகிறதென்று அதைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. துணி பற்றுவது ஒரு பக்கம், மணமே இல்லாத காபன் மொனொக்சைட்டு இன்னொரு பக்கம்.

ஆனால் உயிருக்கே ஆபத்தான தவறு தண்ணீரில்தான் நடக்கிறது. தரைக்காற்று கரையோர அலையை அமர்த்திவிடும். குளம் போலக் கிடக்கிறதே என்று பிள்ளைகளைக் காற்றடைத்த மிதவையில் ஏற்றினால், அது கடலுக்குள் இருக்கும் புறாத்தீவுப் பக்கம் கிளம்பிவிடும். பந்து போனால் போகட்டும், பின்னால் நீந்த வேண்டாம்.

வடகிழக்குப் பருவக்காற்று வீசும் வாடைக் காலத்தில் கடற்கரை முகாம் பற்றிய யோசனையையே விட்டுவிடலாம். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது. அந்த மாதங்களில் வந்தே ஆக வேண்டுமென்றால் சுவருள்ள அறை எடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐத் தொலைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.