கார்டு டெஸ்ட்டை எந்த நாளில் செய்து பார்க்க வேண்டும்?

மாதவிலக்கு வர வேண்டிய தேதிக்கு நாலைந்து நாள் முன்பே மருந்துக்கடையில் கார்டு வாங்கிப் பார்த்து, ஒற்றைக் கோடு வந்ததும் கர்ப்பம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் பலர். அத்தனை சீக்கிரம் பார்த்த ஒற்றைக் கோட்டை நம்பி எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

கருவுற்ற முட்டை கருப்பையில் பதியத் தொடங்கிய பிறகுதான் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் தாயின் இரத்தத்திலும் சிறுநீரிலும் கலக்கிறது. முட்டை வெளிப்பட்ட 6 முதல் 12 நாட்களுக்குள் கரு பதியும். அதன்பின் ஹார்மோனின் அளவு ஏறத்தாழ இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கடைகளில் கிடைக்கும் கார்டுகளில் பெரும்பாலானவை 25 அலகுக்கு மேல் இருந்தால்தான் காட்டும். இன்று 5 அலகு என்றால் 10, 20, 40 என்று ஏறி அந்த அளவைத் தாண்டக் கிட்டத்தட்ட ஒரு வாரம் பிடிக்கலாம்.

அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு முட்டை வெளிப்படுகிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்ச் 1 அன்று மாதவிலக்கானவருக்கு 28 நாள் சுற்று என்றால் அடுத்த தேதி மார்ச் 29. முட்டை வெளிப்படுவது மார்ச் 15 வாக்கில். அதே தேதியில் மாதவிலக்கான இன்னொருவருக்கு 35 நாள் சுற்று என்றால் அடுத்த தேதி ஏப்ரல் 5. அவருக்கு முட்டை வெளிப்படுவதே மார்ச் 22 வாக்கில்தான் என்பதால், கரு ஏப்ரல் 3 அன்றுகூடப் பதியக்கூடும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மார்ச் 30 அன்று இரண்டு கோடு வந்ததே என்று இவரும் அன்றைக்கே பார்த்தால் பயன் இருக்காது. ஆகவே, அவரவர் சுற்றின்படி வர வேண்டிய நாள் தாண்டிய பிறகு பார்ப்பதும், ஒற்றைக் கோடு வந்து மாதவிலக்கும் வரவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்பதுமே சரி. பி.சி.ஓ.டி. என்ற சினைப்பைக் கோளாறு காரணமாகத் தேதியே நிலையில்லாதவர்களும், பாலூட்டுவதால் மாதவிலக்கு திரும்பாதவர்களும், கடைசியாக உறவுகொண்ட நாளிலிருந்து 21 நாள் கழித்துப் பார்க்கலாம்.

நீண்ட தூக்கத்துக்குப் பிறகு கழியும் முதல் சிறுநீரே சிறந்தது. கடலூர் சிப்காட்டில் இரவுப் பணி முடித்து வருபவருக்கு அது மாலையில்கூட அமையலாம். வெயிலுக்குத் தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் பார்த்தால் ஹார்மோன் நீர்த்துப்போய்க் கோடு தெரியாமல் போகக்கூடும். வாங்கிய கார்டை வண்டிப் பெட்டிக்குள் வெயிலில் விட்டுவைக்கக் கூடாது. காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உறையைப் பயன்படுத்தும்போதுதான் பிரிக்க வேண்டும். உள்ளே கார்டும், சிறு பிளாஸ்டிக் துளிகுழாயும், ஈரம் உறிஞ்சும் பொட்டலமும் இருக்கும். கார்டைச் சமதளத்தில் வைத்து, எஸ் என்று குறித்த குழியில், உறையில் சொன்னபடி, பெரும்பாலும் மூன்று சொட்டு விட்டு, ஐந்து நிமிடத்தில் பார்க்க வேண்டும். சி பக்கத்துக் கோடே வரவில்லையென்றால் அந்தக் கார்டு செல்லாது. டி பக்கத்தில் மங்கலாக ஒரு கோடு அந்த நேரத்துக்குள் தெரிந்தால் கர்ப்பம் என்றே கொண்டு, இரண்டு நாள் கழித்து உறுதிசெய்துகொள்ளலாம். நெடுநேரம் கழித்து எடுத்துப் பார்க்கையில் தென்படும் சாம்பல் நிறக் கீற்றுக்கு மதிப்பில்லை. சர்க்கரை, உப்பு, பற்பசை கொண்டு பார்க்கும் முறைகளைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

குழந்தைப்பேறு சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, கரு இல்லாமலேயே இரண்டு வாரம் வரை இரண்டு கோடு வரலாம். அவர்கள் மருத்துவர் சொல்லும் நாளில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முறை. கருத்தடை மாத்திரையோ சாதாரண ஆன்டிபயாடிக்கோ முடிவை மாற்றுவதில்லை.

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, உதிரப்போக்கு, தோள்பட்டை வலி, மயக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும், கார்டு எதைக் காட்டினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து. கர்ப்பம் வேண்டாம் என்று நினைப்பவர்களும் கடையில் தாங்களாக மாத்திரை வாங்கி விழுங்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். திருமணமாகாதவர்களுக்கும் சட்டம் கருக்கலைப்புக்கு இடமளிக்கிறது.

இரண்டு கோடு வந்து கர்ப்பத்தைத் தொடர விரும்பினால், ஃபோலிக் அமில மாத்திரையை உடனே தொடங்கலாம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளை எழுதிக்கொண்டு, கடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 12 வாரத்துக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாமியார் வீடு புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரிலும் தாய்வீடு கடலூரிலுமாக இருந்து, பிரசவத்துக்குத் தாய்வீடு வர எண்ணுபவர்கள் கடலூரிலும் சொல்லி, தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்பவர்களுக்குத் தரும் பிக்மி எண்ணை வாங்கிவைப்பது நல்லது; தமிழ்நாட்டில் குழந்தை பிறந்தால் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள்.