வேர்ட்பிரஸ் தீமில் பக்கத் தலைப்பு: எங்கே சறுக்குகிறோம்?

முகப்புப் பக்கத்தின் உச்சியில் 'முகப்பு' என்று கொட்டை எழுத்தில் நிற்கும் தலைப்பை எடுத்துவிட வேண்டும். இணையதளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் தளம் தொடங்குகிற பலருக்கும் முதல் வாரமே வருகிற ஆசை இது. தேடினால் ஒரு வரி சிஎஸ்எஸ் (தோற்றத்தை மாற்றும் குறிமுறை) கிடைக்கும்: தலைப்புக்கு இட்ட அடையாளப் பெயரான 'என்ட்ரி-டைட்டில்' கிளாஸுக்கு 'டிஸ்ப்ளே நன்' (காட்டாதே). ஒட்டியதும் முகப்பில் தலைப்பு மறையும். கூடவே மற்ற பக்கங்களிலும், பல தீம்களில் (தளத்தின் தோற்றத்தைத் தரும் கோப்புத் தொகுப்புகள்) பதிவுகளிலும் மறைந்துவிடும். 'பேஜ்-ஐடி-42' போன்ற கிளாஸை முன்னால் சேர்த்தால் அந்த ஒரு பக்கத்தோடு நிற்கும். ஆனாலும் டிஸ்ப்ளே நன், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடருக்கும் தலைப்பை மறைத்துவிடும். பார்வையற்றவர்கள் பலர் எச்1 எனும் முதன்மைத் தலைப்பைப் பிடித்துத்தான் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறார்கள். அதனால் பெரும்பாலான தீம்களில் இருக்கும் 'ஸ்க்ரீன்-ரீடர்-டெக்ஸ்ட்' கிளாஸின் முறையில் கண்ணுக்கு மட்டும் மறைப்பது நல்லது.

அடுத்தது நானே செய்த கூத்து. பக்கத் தலைப்புக்கு முன்னால் 'புதியது:' என்று வரட்டும் என, தலைப்பு அச்சாகும் முன் அதை மாற்ற இடம் தரும் 'தி_டைட்டில்' ஃபில்டரில் நான்கு வரி எழுதினேன். தளத்தைத் திறந்தால் மெனுவில் 'புதியது: எங்களைப் பற்றி', 'புதியது: தொடர்புக்கு'! மெனு, அண்மைப் பதிவுகள் விட்ஜெட், முந்தைய-அடுத்த இணைப்பு எல்லாமே அதே ஃபில்டர் வழியாகத்தான் வருகின்றன. பக்கத்தின் முதன்மை உள்ளடக்கம்தான் அச்சாகிறதா என்று சொல்லும் 'இன்_தி_லூப்', 'இஸ்_மெயின்_கொயரி' இரண்டும் உண்மையா என்று பார்த்த பிறகே தலைப்பைத் தொட வேண்டும்.

பிரவுசர் டேபில் தெரிகிற தலைப்பு வேறு விஷயம். 2014 இறுதியில் வந்த 4.1 பதிப்பிலிருந்து, தீம் 'டைட்டில்-டேக்' ஆதரவை அறிவித்தால் போதும், வேர்ட்பிரஸே அதை அச்சிடும். அதை மறந்து ஹெடர் கோப்பிலும் ஒரு டைட்டில் எழுதினால் பக்கத்துக்கு இரண்டு டைட்டில் ஆகிவிடும். மாற்ற வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்_டைட்டில்_பார்ட்ஸ்' ஃபில்டர் இருக்கிறது.

எதைச் செய்தாலும், தாய் தீமை ஒட்டி நீங்கள் தனியாக வைக்கும் சைல்டு தீமில் செய்யுங்கள். தாய் தீமில் எழுதியது அடுத்த அப்டேட்டில் அடித்துக்கொண்டு போய்விடும். பக்கத்தைத் துண்டு துண்டாக அடுக்கும் பிளாக் தீம் என்றால் சைட் எடிட்டரில் பேஜ் டெம்ப்ளேட்டிலிருந்து (பக்கங்களின் பொது அமைப்பு) டைட்டில் பிளாக்கை நீக்காதீர்கள். அந்த டெம்ப்ளேட்டை எடுக்கும் எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பு போய்விடும். தலைப்பில்லாத டெம்ப்ளேட் ஒன்றைத் தனியாக உருவாக்கி, வேண்டிய பக்கத்துக்கு மட்டும் கொடுங்கள்.

தமிழ்த் தளங்களுக்கென்றே சில தொல்லைகள் உண்டு. ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த தீமில் தலைப்பின் வரி உயரம் 1.1 என்று இறுக்கமாக இருக்கும். தலைப்பு இரண்டு வரியானால் மேல்வரியின் 'மூ'வின் வாலும் கீழ்வரியின் 'கீ'யின் சுழியும் முட்டிக்கொள்ளும். 1.4 வரை ஏற்றிப் பாருங்கள். எழுத்து இடைவெளி மைனஸில் இருந்தால் பூஜ்யம் ஆக்குங்கள்.

நீளமான தலைப்பை வெட்டுவதிலும் கவனம் வேண்டும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் 'சப்ஸ்ட்ர்' பைட் கணக்கில் வெட்டும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் நடுவில் வெட்டுப்பட்டுக் கேள்விக்குறி முளைக்கும். சரி, குறியீட்டுக் கணக்கில் வெட்டும் 'எம்பி_சப்ஸ்ட்ர்' போடலாம் என்றால், 5 குறியீடு கொண்ட 'தமிழ்' என்பதை 4 என்று வெட்டினால் புள்ளி போய் 'தமிழ' ஆகும். சொல் கணக்கில் வெட்டும் 'டபிள்யூபி_ட்ரிம்_வேர்ட்ஸ்' இருக்க, எழுத்துக் கணக்கு எதற்கு?

அப்புறம் முகவரி. தலைப்பிலிருந்து தானாக உருவாகும் ஸ்லக்கின் (முகவரியின் கடைசிப் பகுதி) எல்லை 200 எழுத்து. அதில் ஒவ்வொரு பைட்டும் '%E0' போல மூன்று எழுத்தாக மாறுவதால் தமிழ்க் குறியீடு ஒன்று 9 இடம் பிடிக்கும். 'திருநெல்வேலி அல்வா செய்வது எப்படி' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'திருநெல்வேலி-அல்வா-செய்வ' என்று அரைகுறையாக நின்றுவிடும். வெளியிடும் முன்பே சுருக்கமான ஸ்லக்கை நீங்களே கொடுத்துவிடுங்கள். பிறகு மாற்றினால், பதிவுகளின் பழைய முகவரியை வேர்ட்பிரஸ் குறித்து வைத்துக்கொள்ளும். பக்கங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.