எலி கடித்த வயரைத் திருத்தும்போது விடக்கூடாத பிழைகள்

தை, மாசியில் காலபோக வெட்டு முடிந்தால் வயல் எலிகளுக்கு வயலில் வேலையில்லை. நெல்மூட்டை அடுக்கிய கொட்டிலைத் தேடி வரும். வன்னியில் அநேகமான வீடுகளில் உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் நிற்பது அதே கொட்டிலில்தான். எலியின் முன்பற்கள் சாகும்வரை வளரும்; எதையாவது கொறித்துத்தான் ஆகவேண்டும். வயரின் பிளாஸ்டிக் உறை அதற்குத் தோதாக அகப்படுகிறது. கடியை விட, அவசரப்பட்டு நாம் செய்யும் திருத்தம்தான் பல நேரம் பெரிய செலவை இழுத்துவிடுகிறது.

எஞ்சினுக்குள் வைக்கோலும் புழுக்கையும் கண்டால், "ஸ்டார்ட் வருகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருக வேண்டாம். உறை உரிந்த இரண்டு வயர் தொட்டால் ஷோர்ட் ஆகும். பெற்றோல் குழாயும் கடிபட்டிருந்தால் பக்கத்தில் கிடக்கும் வைக்கோலே போதும், தீப்பிடிக்க. முதலில் பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது அதுதான் கடைசி. புழுக்கையை வெறுங்கையால் அள்ளுவதும் வாயால் ஊதுவதும் கூடவே கூடாது. எலியின் சிறுநீரில் இருந்து எலிக்காய்ச்சல் வரும், கையில் சின்னக் கீறல் இருந்தாலே கிருமி உள்ளே போய்விடும். கையுறை போட்டு, கிருமிநாசினியில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள்.

அறுந்த ஒரு வயரைக் கண்டதும் அதை மட்டும் ஒட்டிவிட்டு மூடுவது அடுத்த பிழை. எலி ஒரே இடத்தில் கடித்துவிட்டுப் போவதில்லை. வயர்க்கட்டின் மேலுறையைப் பிரித்து, கட்டு போகும் வழி முழுக்க விரலால் தடவிப் பாருங்கள்.

இனி ஜொயிண்ட். அதிகம் கெடுவது இங்கேதான். இரண்டு நுனியையும் முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றினால் அன்றைக்கு வண்டி ஓடும். எங்கள் வெயிலுக்கும் எஞ்சின் சூட்டுக்கும் ரேப்பின் பசை இளகி வழியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் புகுந்து செம்பு பச்சை பூக்கும். ஆகவே கறுத்த பகுதியை வெட்டி, பளபளப்பான செம்பு தெரியும் இடத்தில் தொடங்குங்கள். போடும் துண்டு பழைய வயரின் அதே தடிப்பு, முடிந்தால் அதே நிறம். உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாயை முதலிலேயே கோத்துவிடுங்கள். ஒட்டிய பிறகு நினைவு வந்தால் மறுபடி வெட்டத்தான் வேண்டும். ஈயம் உருக்கி ஒட்டிய வயர், அதிரும் இயந்திரத்தில் ஈயத்தின் விளிம்போடு முறியும். உழவு இயந்திரத்துக்கு நசுக்கிப் பிடிக்கும் (கிரிம்ப்) ஜொயிண்ட்தான் என் தெரிவு. பக்கத்துப் பக்கத்து வயர்களின் ஜொயிண்ட்களை ஒரே இடத்தில் வைக்காமல் முன்பின்னாக வையுங்கள்.

பத்து இழையில் ஒன்பது அறுந்திருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். அதை நம்பி ஏமாறுபவர்கள் நிறையப் பேர். ஹெட்லைட் பல்ப் ஒன்றை அந்த வயரில் கொடுத்துப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் வயருக்குள் பழுது இன்னும் இருக்கிறது.

பியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தால், சிவப்பு 10 அம்பியர் இருந்த இடத்தில் பச்சை 30 போடுவது வண்டியைக் கொளுத்துவதற்குச் சமம். பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. அது எரியாவிட்டால் வயர் எரியும். எரிந்த பியூஸில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் இதே கதைதான்.

சில வயர்களை நாமே தொடவே கூடாது. மஞ்சள் உறைக்குள் வருவது பெரும்பாலும் எயார்பாக் வயர். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிறத் தடித்த வயர் உயிரை எடுக்கும் மின்னழுத்தம் உள்ளது. அவற்றில் பல் பட்டிருந்தால் அந்த வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

வேலை முடிந்ததும் எஞ்சினுக்குள் எலிமருந்து வைப்பவர்கள் உண்டு. எலி எட்டாத இடுக்கில் செத்து நாறும். மருந்து தின்ற எலியைப் பிடிக்கும் பூனையும் கூகையும் சாகும், பிறகு எலிதான் பெருகும். பொறி வையுங்கள், நெல்மூட்டையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். போகம் முடிந்து மாதக்கணக்கில் நிற்கும் இயந்திரத்தை வாரம் ஒருமுறையாவது திறந்து பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்து விடுங்கள்.