தொகுதி மக்களுக்கு எம்.எல்.ஏ. கடிதம் எழுதுவது எப்படி

முதலில் போட்டோக்களை எல்லாம் எடுத்து ஓரமாக வையுங்கள். சால்வை போட்டது, ரிப்பன் வெட்டியது, அமைச்சரிடம் மனு கொடுத்தது எதுவும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளில் மூன்றே வரி எழுதுங்கள்: அடுத்த ஆறு மாதத்துக்கு எம்.எல்.ஏ. எந்த மூன்று வேலைக்கு முதலிடம் கொடுக்கிறார். நாலாவது ஐந்தாவது என்று நீட்ட ஆரம்பித்தால் அது மனுப் பட்டியலாகிவிடும், யாரும் படிக்க மாட்டார்கள்.

சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் சில வருடங்கள் இந்தக் கடிதங்களை எழுதியிருக்கிறேன். மூன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் கஷ்டமான வேலை, எழுதுவது அப்புறம் தானாக வந்துவிடும். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா, 2022-ல் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்காக 234 தொகுதி உறுப்பினர்களிடமும் தலா பத்து முக்கியக் கோரிக்கைகளைக் கேட்டார்களே, அந்தப் பட்டியலைத் தேடி எடுங்கள். அது முந்தைய உறுப்பினர் கொடுத்த பட்டியலாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பத்தில் எது முடிந்தது, எது கிடப்பில் கிடக்கிறது என்று பார்த்தாலே உங்கள் மூன்றில் இரண்டு கிடைத்துவிடும்.

தேர்ந்தெடுத்த மூன்றோடு, இந்த முறை எதைத் தள்ளி வைத்திருக்கிறோம், ஏன் என்பதையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். பல பேர் இதற்குப் பயப்படுவார்கள். ஆனால் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், 3 லட்சம் வாக்காளர் உள்ள தொகுதி என்றால் ஆளுக்கு 100 ரூபாய்தான் வருகிறது. இந்தக் கணக்கை அப்படியே கடிதத்தில் போட்டுக் காட்டினால், நிழற்குடை ஏன் இந்த வருடம் இல்லை, பள்ளி வகுப்பறை ஏன் முதலில் என்பது மக்களுக்கு நன்றாகவே புரியும்.

அடுத்தது ஒவ்வொரு வேலையும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது. நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்ற வாசகத்தைக் கடிதத்தில் ஒரு இடத்தில்கூட விடாதீர்கள். ஒரு வேலை சட்டமன்றத்தில் அறிவிக்கப்படுவது வேறு, ஊரில் தொடங்குவது வேறு, அது 110-வது விதியின் கீழ் (விவாதம் இல்லாமல்) முதலமைச்சர் படித்த அறிவிப்பாகவே இருந்தாலும் சரி. அதற்கு அரசாணை வரவேண்டும், நிர்வாக அனுமதியும் நிதியும் வேண்டும், மதிப்பீட்டுக்குத் தொழில்நுட்ப அனுமதி வேண்டும், அப்புறம் ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்), அப்புறம் பணி ஆணை, அதன்பிறகுதான் ஜேசிபி ஊருக்குள் வரும். மக்கள் 'அறிவிப்பு' என்று படித்ததும் வேலை ஆரம்பித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள், ஆறு மாதம் கழித்து ஏமாந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அறிவிப்பு வந்த அன்றே இத்தனை படி பாக்கி இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அந்தக் கோபம் வந்திருக்காது. ஒரு தரைப்பாலத்தைப் பற்றி இப்படி எழுதலாம்:

"ஏரிக்கரைத் தரைப்பாலம்: மானியக் கோரிக்கை விவாதத்தில் (துறைக்கான நிதியை அவை விவாதிக்கும்போது) இதைக் கேட்டேன், அறிவிப்பும் வந்தது. அரசாணை வந்துவிட்டது, எண்ணும் தேதியும் கீழே இருக்கின்றன. ஒப்பந்தப்புள்ளி இன்னும் கோரப்படவில்லை. அதனால் இந்த மழைக்காலத்துக்குள் பாலம் முடியாது. தண்ணீர் ஏறினால் பள்ளிப் பிள்ளைகள் மேட்டுத்தெரு வழியாகப் போக வேண்டியிருக்கும், அந்த வழியில் தெருவிளக்கு போடச் சொல்லி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்."

அவ்வளவுதான். 'முடியாது' என்ற சொல் அதில் இருக்கிறது பாருங்கள், அதை எடுத்துவிட்டால் மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வேலை யார் கையில் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரயில்வே கேட் மூடியே கிடக்கிறது என்று எம்.எல்.ஏ.விடம்தான் வருவார்கள், ஆனால் ரயில்வே ஒன்றிய அரசின் பட்டியலில் உள்ளது. அங்கே எம்.எல்.ஏ. செய்யக்கூடியது கடிதம் எழுதுவதும் எம்.பி.யோடு சேர்ந்து அழுத்தம் கொடுப்பதும்தான். ஏரி விஷயத்தில் இன்னும் குழப்பம். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். ஒரே ஊரில் இரண்டு ஏரி இருந்து, ஒன்று தூர்வாரப்பட்டு இன்னொன்று அப்படியே கிடந்தால், காரணம் இதுவாகவும் இருக்கலாம். ரோடும் அப்படித்தான், ஊராட்சி ரோடா, ஊராட்சி ஒன்றியச் சாலையா, மாநில நெடுஞ்சாலையா என்று பார்த்து எழுதுங்கள். இதைப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தொனியில் எழுதிவிடக் கூடாது என்பதில் கவனம் வேண்டும். எங்கள் வேலை இல்லை என்று முடிக்காமல், யாரிடம், எந்தத் தேதியில் கொண்டுபோனோம் என்பதோடு முடியுங்கள்.

இனி சட்டமன்ற வேலை. பல கடிதங்களில் இது காணவே காணாது, சாலையும் சாக்கடையும் மட்டும்தான் இருக்கும், எம்.எல்.ஏ. என்றால் சட்டம் இயற்றுகிறவர் என்பதே மறந்துபோகும். பட்ஜெட் கூட்டத்தொடர் முடிந்ததும் ஒரு கடிதம் கட்டாயம் போகட்டும். ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வைப்பார்கள். அதில் உங்கள் மாவட்டம் வரும் பக்கங்களைத் தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள், துறை எங்கே காசு வைத்திருக்கிறது என்பது அதில் தெரியும். வினா நேரத்தில் கேட்ட கேள்வி, கவன ஈர்ப்பு (அவசரப் பிரச்சினைக்கு அமைச்சரின் கவனத்தை இழுக்கும் தீர்மானம்), அமைச்சர் சொன்ன பதில், பதிலில் திருப்தியா இல்லையா என்பதெல்லாம் இரண்டு மூன்று வரியில் வரட்டும்.

முக்கியமான மசோதா வந்திருந்தால் எம்.எல்.ஏ. ஆதரித்தாரா எதிர்த்தாரா என்று நேராகச் சொல்லுங்கள். அவையில் பெரும்பாலானவை குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன, யார் எப்படி வாக்களித்தார் என்று தனித்தனியாகப் பதிவு இருக்காது. தொகுதி மக்கள் அதைத் தெரிந்துகொள்ள இந்தக் கடிதத்தை விட்டால் பெரிதாக வழியில்லை. இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சிக் கொறடா உத்தரவு இருந்தால் அதையும் எழுதலாம், 1985-லிருந்து கட்சித்தாவல் தடைச் சட்டம் இருப்பதால் உத்தரவை மீறினால் பதவியே போகலாம் என்பது எல்லோருக்கும் தெரியாது. ஒரு எச்சரிக்கை, அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட பேச்சை எந்த வடிவத்திலும் கடிதத்தில் போடாதீர்கள், உரிமை மீறல் பிரச்சினை வரும். பயனாளிகளின் பெயர், போன் நம்பர், நோய் விவரத்தையும் போடாதீர்கள், உதவி வாங்கியதற்காக ஒருவர் வீட்டு விஷயம் ஊர் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை.

அளவு ஒரு தாள், இரண்டு பக்கம், எழுத்து பெரிதாக. கிராமசபைக்கு ஒரு வாரம் முன்னால் போய்ச் சேருகிற மாதிரி நேரம் பாருங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் ஊர் கூடும், கையில் தாள் இருந்தால் கேள்வி சரியாக வரும். ரேஷன் கடைப் பக்கம் ஒட்டுங்கள், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புங்கள், அதோடு எம்.எல்.ஏ.வே தன் குரலில் படித்த மூன்று நிமிட ஆடியோவும் போகட்டும். படிக்கத் தெரியாத அம்மாக்கள் அந்த ஆடியோவைப் பேரனிடம் போடச் சொல்லி இரண்டு முறை கேட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நாங்கள் அனுப்பிய முதல் கடிதத்தில் ஆடியோ இல்லை, அந்தத் தெருக்களுக்குச் செய்தி போய்ச் சேரவே இல்லை என்பது நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

பதில் சொல்ல ஒரு நம்பர் கொடுங்கள், அதை எடுக்க ஒரு ஆளைப் போடுங்கள். வருகிற கேள்விகளை ஒரு நோட்டில் தேதியோடு, ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்கள். அடுத்த கடிதம் எழுத உட்காரும்போது அந்த நோட்டையும் போன கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போன முறை சொன்ன மூன்றும் என்ன ஆயின என்பதிலிருந்து முதல் பத்தியைத் தொடங்குங்கள்.