'நார்'னா நெருப்பா? ஒரே சத்தம் வர்ற சொல்லை எப்படி சோதிக்குறது

பெரியபட்டினத்துல எங்க அப்பத்தா வாசல்ல உக்காந்து ஊறப்போட்ட பனைமட்டையைத் தட்டித் தட்டி நார் கிழிச்சுக்கிட்டு இருந்துச்சு, அப்ப மதரசா விட்டு வந்த பக்கத்து வீட்டுப் பய, "அப்பத்தா, அரபில நார்னா நெருப்பு தெரியுமா"ன்னான். அப்பத்தா கை நிக்கல, "காஞ்ச நாரு டக்குனு பத்திக்கும்ல, அதான் அந்தப் பேரு"ன்னுச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தப்பு. சொல்லு விஷயத்துல நாம எல்லாருமே சறுக்குற எடம் இதுதான்.

மொதல்ல சொல்லோட சொந்தக்காரங்களைத் தேடுங்க. நம்ம நாருக்கு மலையாளத்துல நார், கன்னடத்துல நாரு, தெலுங்குல நார, எல்லா எடத்துலயும் இழைதான், எங்கயும் தீ இல்ல. அரபுப் பக்கம் போனா அங்க ஒரு தனிக் குடும்பமே இருக்கு: நார் நெருப்பு, நூர் வெளிச்சம், நம்ம கீழக்கரை பள்ளிவாசல்ல நிமிர்ந்து நிக்குற மனாராவும் அதே வேர்ல வந்த சொல்லுதான், எபிரேயத்துல விளக்குக்கு நேர், விளக்குத்தண்டுக்கு மெனோரா. அந்தக் குடும்பத்துல நாரும் கயிறும் கிடையாது. ரெண்டு வீட்டுக்கும் பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்த பழக்கமே இல்ல, சத்தம் மட்டும் ஒண்ணா அமைஞ்சுபோச்சு.

இதைப் பாக்க சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன்ங்குற அகராதி போதும், 1924லேருந்து 1936 வரைக்கும் வந்தது, இணையத்துல இலவசமாத் தேடலாம், நெறைய சொல்லுக்குப் பக்கத்துலயே அக்கம்பக்கத்து மொழி உறவும் போட்டிருப்பாங்க. எழுத்தையும் கவனிங்க, பேச்சுல நாரும் நாறும் நமக்கு ஒண்ணாத்தான் கேக்கும்.

அப்புறம் சொல்லு போன வழியைப் பாருங்க. கடன் போன சொல்லு பொருளையும் கையோட கூட்டிக்கிட்டுப் போகும். நாரத்தங்காயை எடுத்துக்கங்க, சமஸ்கிருதத்துல நாரங்கம், பாரசீகத்துல நாரங், அரபில நாரஞ், ஸ்பானிஷ்ல நாரன்ஹா, கடைசில ஆரஞ்சு. கிளம்பினது திராவிட மொழிலேருந்துதான்னு பல அறிஞர்கள் கருதுறாங்க. ஒவ்வொரு ஊர்லயும் சத்தம் கொஞ்சம் மாறுது, ஆனா கடைசி வரைக்கும் பழம் பழம்தான். அரபு நாரஞ்சுல 'நார்' இருக்கேன்னு அங்க போய் நெருப்பைத் தேடக்கூடாது.

சொல்லு சின்னதா இருந்தா இன்னும் உஷாரா இருங்க, சீனத்துலயும் நீன்னா நீதான், அது சும்மா தற்செயல்.

சிலது பிடிகொடுக்காது. மரக்காயர்ங்குற சமூகப் பேரு மரக்கலத்துலேருந்து வந்துச்சுன்னு ஒரு பக்கம் சொல்றாங்க, அரபில கப்பலுக்கு மர்கப், அதுலேருந்துதான்னு இன்னொரு பக்கம். இங்க ரெண்டு பக்கமும் பொருள் பொருந்துது, அரபு வணிகர்களோட போக்குவரத்தும் இந்தக் கரைல நெசமாவே இருந்துச்சு. அதனால நான் நோட்டுல ரெண்டையும்தான் எழுதி வெச்சிருக்கேன், எதையும் அடிக்கல.